எலியின் முன் இரண்டு நெம்புகோல்கள்: போதைப்பொருளுக்கு ஆட்படுவது விலங்குகளின் தேர்வை எப்படி மாற்றுகிறது?

குறுமுனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி மாணவர்களுக்கான போதை ஒழிப்பு நிகழ்ச்சி ஒன்றில் பேசுவதற்காகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு செய்திகள் கையில் சிக்கியிருக்கின்றன. கூண்டிலுள்ள எலிக்குக் கொக்கைன் தரும் நெம்புகோலைப் பழக்கிவிட்டால், அது சோறு தண்ணீர் மறந்து சாகும்வரை அதையே அழுத்திக்கொண்டிருக்கும் என்பது முதலாவது. அதே எலியைத் துணையோடு விசாலமான இடத்தில் விட்டால் போதைப்பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பது இரண்டாவது. இரண்டுமே ஆய்வக முடிவுகள் என்றுதான் பரப்பப்படுகின்றன.

என் கேள்வி இதுதான்: ஒரு விலங்கு எவ்வளவு காலம், எவ்வளவு அளவு போதைப்பொருளுக்கு ஆட்பட்டது என்பது அதன் பிற்காலத் தேர்வை மாற்றுகிறதா, அல்லது சுற்றியுள்ள சூழலே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறதா? மேடையில் தவறாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதால் விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

தணிகை எழுதியது:

குறுமுனி அவர்களுக்கு, இரண்டு செய்திகளும் உண்மையான சோதனைகளிலிருந்து வந்தவைதான். ஆனால் வழியில் எங்கோ நிபந்தனைகள் உதிர்ந்துபோய், முடிவு மட்டும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்துறையில் நடக்கும் சண்டைகளில் பாதி அதன் அமைப்பைப் பற்றியவையே.

எலியை மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்துச் சிரைக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைத் தோலுக்கு அடியிலேயே கொண்டுசென்று, முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே வெளியே எடுப்பார்கள். எலி கடித்துவிடாதபடி உலோகச் சுருள் உறை போட்ட இன்னொரு குழாய் அந்த முனையில் மாட்டப்பட்டு, கூண்டின் கூரையிலுள்ள சுழல் இணைப்பு வழியாக வெளியிலிருக்கும் ஊசிப் பம்ப் வரை போகும். சுழல் இணைப்பு இருப்பதால் எலி எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் முறுக்கிக்கொள்வதில்லை. நெம்புகோலை அழுத்தினால் பம்ப் சில நொடிகள் ஓடும், நெம்புகோலுக்கு மேலுள்ள சிறு விளக்கு எரியும், மருந்து நேரே இரத்தத்தில் கலக்கும். கட்டிப்போடப்படாமல் நடமாடும் எலி தனக்குத் தானே மார்ஃபின் ஏற்றிக்கொள்ளும் இந்த முறையை ஜேம்ஸ் வீக்ஸ் 1962இல் வெளியிட்டார். அதற்கு முன்பே, 1954இல், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும், மூளையின் சில இடங்களில் மின்முனை பதிக்கப்பட்ட எலி அந்த மின்தூண்டலுக்காகவே நெம்புகோலைத் திரும்பத் திரும்ப அழுத்தும் என்று காட்டியிருந்தார்கள். பின்னர் வந்த சோதனைகளுக்கெல்லாம் இவ்விரண்டுமே அடித்தளம்.

‘சாகும்வரை அழுத்தும்’ என்ற செய்திக்கு மிக நெருங்கிய மூலம், மைக்கேல் போசார்த்தும் ராய் வைஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு. எலிகளுக்கு இரவும் பகலும் தடையின்றிக் கொக்கைனோ ஹெராயினோ கிடைக்கும்படி விட்டார்கள். 30 நாள்களில் கொக்கைன் எலிகளில் 90 சதவீதமும், ஹெராயின் எலிகளில் 36 சதவீதமும் இறந்துபோயின. கொக்கைன் எலிகள் ஒழுங்கே இல்லாமல், வெறிபிடித்தாற்போல் ஏற்றிக்கொள்வதும் பிறகு ஓய்வதுமாக இருந்தன. ஹெராயின் எலிகளின் அளவோ சீராக, நாளடைவில் மெல்ல ஏறிக்கொண்டே போனது. எனவே அந்தச் செய்தி பொய்யில்லை. ஆனால் அந்தக் கூண்டில் செய்வதற்குரிய சுவையான காரியம் வேறு எதுவுமில்லை, பேசித் தீர்க்க ஓர் எலித் துணையுமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘மாற்று எதுவும் இல்லாததால்தான் அப்படி’ என்று உடனே முடிவுகட்டிவிடவும் முடியாது. 1978இல் தாமஸ் ஐக்னரும் ராபர்ட் பால்ஸ்டரும் ரீசஸ் குரங்குகளுக்கு 15 நிமிடத்துக்கு ஒரு முறை, உணவா கொக்கைனா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை எட்டு நாள்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். குரங்குகள் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் கொக்கைனையே தேர்ந்தெடுத்தன, உடல் எடையும் குறைந்தது. உணவு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கறார்க்காரன் எழுதியது:

இரண்டாவது செய்தி எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்கிறேன். கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1970களின் பிற்பகுதியில் அமைத்த ‘எலிப் பூங்கா’தான் அது. தனிக்கூண்டைவிட ஏறக்குறைய 200 மடங்கு பரப்பு, தரையில் மரச்சீவல், ஒளிந்துகொள்ளத் தகர டப்பாக்கள், ஆணும் பெண்ணுமாகக் கூட்டம். அந்த எலிகளுக்கு வெறும் தண்ணீரும், கசப்பு தெரியாமலிருக்கச் சர்க்கரை கலந்த மார்ஃபின் நீரும் வைக்கப்பட்டன. தனிக்கூண்டு எலிகள் பூங்கா எலிகளைவிட மிக அதிகமாக மார்ஃபின் குடித்தன.

இது நல்ல கேள்வியை எழுப்பிய ஆய்வு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் மேடைப் பேச்சுக்கு இதை ஆதாரமாக வைப்பவர்கள் மூன்று விஷயங்களை விழுங்கிவிடுகிறார்கள். இது சிரை வழியாக ஏற்றும் சோதனை அன்று, குடிக்கும் சோதனை. குடிக்கும்போது கசப்பும் இனிப்பும் மருந்தின் விளைவோடு பின்னிக்கொள்கின்றன, மருந்து மூளையை அடைவதும் மெதுவாகத்தான். அடுத்து, பின்னாளில் வேறோர் ஆய்வாளர் இதைத் திரும்பச் செய்தபோது அதே வேறுபாடு கிடைக்கவில்லை, எலி இனத்தின் மரபு வேறுபாடு காரணமாக இருக்கலாம் என்ற ஐயமும் எழுந்தது. கடைசியாக, பூங்கா எலிகள் மார்ஃபினைத் ‘திரும்பிக்கூடப் பார்க்கவில்லை’ என்று அந்தக் குழுவினரே எங்கும் சொல்லவில்லை. குறைவாகக் குடித்தன என்பதுதான் முடிவு.

ஒரு சோதனையைப் பிடிக்கவில்லை என்பதற்காக அதன் எதிர்ச்சோதனையைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இணையத்தில் பெருகிவிட்டது.

நரம்பியல்_மாணவி எழுதியது:

தணிகை ஐயா குறிப்பிட்ட குரங்குச் சோதனைக்கும், கறார்க்காரன் அவர்கள் குறிப்பிட்ட பூங்காவுக்கும் நடுவே, குறுமுனி அவர்களின் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஆய்வு வரிசை ஒன்று இருக்கிறது. பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் செர்ஜ் அகமதுவின் குழுவினர் செய்தது.

இந்த அகமது 1998இல் ஜார்ஜ் கூபுடன் சேர்ந்து, ஆட்படும் நேரம் எவ்வளவு முக்கியம் என்று காட்டியவர். ஒரு குழு எலிகளுக்கு நாள்தோறும் 1 மணி நேரம், இன்னொரு குழுவுக்கு 6 மணி நேரம் கொக்கைன் கிடைத்தது. 1 மணி நேரக் குழு நாள் கணக்கில் ஏறாமல் அதே அளவில் நின்றது. 6 மணி நேரக் குழுவோ வாரம் செல்லச் செல்ல அளவை ஏற்றிக்கொண்டே போனது, முதல் ஒரு மணி நேரத்திலேயே அவசரமாக அதிகம் ஏற்றிக்கொண்டது. எனவே நீண்ட நேரம் ஆட்படுவது எதையோ மாற்றுகிறது என்பதில் ஐயமில்லை.

2007இல் அதே அகமதுவின் குழு இரண்டு நெம்புகோல்களை வைத்தது. ஒன்றை அழுத்தினால் சிரை வழியாகக் கொக்கைன். மற்றொன்றை அழுத்தினால் ஒரு சிறு கிண்ணத்தில் 20 நொடிகள் சாக்கரின் கலந்த இனிப்பு நீர். ஒன்றைத் தேர்ந்தால் இரண்டு நெம்புகோல்களும் சுவருக்குள் இழுத்துக்கொள்ளும், அடுத்த வாய்ப்புக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். எலிகள் பசியோடோ தாகத்தோடோ இருக்கவில்லை, சாக்கரினில் ஊட்டச்சத்தும் கிடையாது. ஆயினும் 94 சதவீத எலிகள் சாக்கரினையே தேர்ந்தெடுத்தன. கொக்கைன் அளவைக் கூட்டிப் பார்த்தார்கள், மாறவில்லை. சாக்கரினுக்குப் பதிலாகச் சாதாரணச் சர்க்கரை வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அதே விருப்பம்தான். நீண்ட நேர அணுகலால் அளவை ஏற்றிக்கொண்டுபோன எலிகளைக் கொண்டும் பார்த்தார்கள், அவையும் பெரும்பாலும் இனிப்பையே நாடின.

2010இல் அவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பல சோதனைகளின் எலிகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, மிக அதிகமாகக் கொக்கைனுக்கு ஆட்பட்ட நிலையிலும் 15 சதவீதத்துக்கும் குறைவானவையே கொக்கைனை விரும்பின. ஆனால் அந்தச் சிறு குழுவின் நடத்தை என்னைத் திடுக்கிட வைத்தது. பசியோடு விட்டு, பசியைத் தீர்க்கக்கூடிய சர்க்கரையையே எதிரில் வைத்தபோதும் அவை கொக்கைன் நெம்புகோலைத்தான் அழுத்தின.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: ஆட்படுவது எல்லா எலிகளையும் ஒரே திசையில் சற்றே நகர்த்துகிறது, ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்ட வைப்பது சிலவற்றைத்தான். அளவு ஏறுவதை மட்டும் பார்த்தால் எல்லாமே அடிமைகளாகத் தெரியும். இன்னொரு நல்ல பொருளை எதிரில் வைத்த பிறகுதான் எவை உண்மையில் தாண்டின என்பது தெரியவரும்.

கறார்க்காரன் எழுதியது:

சகோதரி, இனிப்பு நாக்கில் பட்ட கணமே வந்துவிடுகிறது. கொக்கைன் சிரையில் ஏறி மூளையை எட்டச் சில நொடிகளாவது ஆகும். விலங்குகள் உடனடியாக வருவதையே எப்போதும் அதிகம் மதிக்கும். 94 சதவீதம் என்பது போதைப்பொருளின் மதிப்பைக் காட்டுகிறதா, அல்லது அந்தச் சில நொடி இடைவெளியைத்தான் காட்டுகிறதா?

மேலும் தணிகை அவர்கள் சொன்ன குரங்குகள் 15 நிமிட இடைவெளியிலேயே கொக்கைனைத் தேர்ந்தெடுத்தனவே. எலி ஏன் வேறுவிதமாக நடந்துகொள்கிறது?

நரம்பியல்_மாணவி எழுதியது:

உங்கள் முதல் ஐயத்தை அதே குழுவே கையிலெடுத்தது. 2021இல் வந்த அவர்களது ஆய்வில், இரண்டு வெகுமதிகளும் கைக்கு வரும் நேரத்தில் தாமதத்தைச் சேர்த்தபோது எலிகளின் விருப்பம் கொக்கைன் பக்கம் சாய்ந்தது. அதாவது நீங்கள் சொல்லும் நொடிக்கணக்கு உண்மையிலேயே பெரும் பங்கு வகிக்கிறது. ‘கொக்கைன் சர்க்கரையைவிட மட்டமானது’ என்று 2007 ஆய்வைச் சுருக்கிச் சொன்னவர்களுக்கு அது நல்ல கடிவாளம்.

இரண்டாவது கேள்விக்கு, குரங்குகளுக்கும் எலிகளுக்கும் ஒரே விடையை நான் சொல்லமாட்டேன். இனம், உணவு வகை, மருந்தளவு, பகல் இரவு முழுதும் தேர்வு நடந்ததா இல்லையா எனப் பலவும் வேறுபடுகின்றன. ஆனால் எலிகளுக்குள்ளேயே இடைவெளியின் பங்கைக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. 2016இல் போர்தோவில், தேர்வுகளுக்கிடையிலான இடைவெளியைச் சுருக்கி, முந்தைய கொக்கைனின் விளைவு இன்னும் உடலில் இருக்கும்போதே அடுத்த தேர்வைச் செய்ய வைத்தார்கள். தெளிந்த நிலையில் இனிப்பைத் தேர்ந்தெடுத்த அதே எலிகள் இப்போது கொக்கைனுக்கு மாறின. கொக்கைன் பசியையும் உணவின் மேலுள்ள நாட்டத்தையும் அடக்கும் மருந்து. அது உடலில் இருக்கும்வரை எதிரிலிருக்கும் இனிப்பின் மதிப்பு தானாகவே சரிந்துவிடுகிறது. ஒரு வேளை ஏற்றிக்கொண்டதே அடுத்த வேளைக்கான தேர்வை வளைத்துவிடுகிறது. 24 மணி நேரமும் கொக்கைன் ஓடிக்கொண்டிருந்த அந்தக் குரங்குகள் தெளிந்த நிலையில் எப்போதாவது தேர்வு செய்தனவா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே ‘ஆட்படுதல்’ என்பதையே இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் உடலில் சேரும் வரலாறு ஒன்று. இந்தக் கணத்தில் இரத்தத்தில் இருக்கும் மருந்து மற்றொன்று. இரண்டும் தேர்வை மாற்றுகின்றன, ஆனால் வேறு வேறு வழிகளில்.

வைகைக்கரை எழுதியது:

நான் மது, போதை மறுவாழ்வுப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இந்த இழையில் எல்லோரும் கொக்கைனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் மதுவுக்கும், ஹெராயினுக்கும், வலி மாத்திரைகளுக்கும் அடிமையானவர்கள். ஹெராயின் பழக்கம் உள்ளவரிடம் மூன்றாம் நாள் காலையில் உடம்பு முழுக்க வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, புல்லரிப்பு என்று எல்லாம் சேர்ந்து வரும்போது, அவர் முன் எந்த நல்ல பொருளை வைத்தாலும் கண்ணில் படாது. அந்த நிலையில் இருக்கும் விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

தணிகை எழுதியது:

பார்த்திருக்கிறார்கள், சகோதரி. நீங்கள் சொன்னதுதான் கொக்கைனுக்கும் ஓபியம் வகை மருந்துகளுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு.

ஸ்டீவன் நெகஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ரீசஸ் குரங்குகளுக்கு உணவுக்கும் ஹெராயினுக்கும் இடையே தேர்வு தரப்பட்டது. ஹெராயினுக்கு உடல் பழகிப்போன குரங்குகள், அது கிடைக்காமல் விலகல் துன்பத்தில் இருந்தபோது, ஹெராயினைத் தேர்ந்தெடுப்பது அதிகரித்தது. ஓபியம் வகை அடிமைத்தனத்துக்குச் சிகிச்சையாகத் தரப்படும் மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ கொடுத்தால் அந்த அதிகரிப்பு தடுக்கப்பட்டது. உங்கள் பிரிவில் புப்ரினார்ஃபின் நாவடி மாத்திரையை ஏன் தருகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விலங்குச் சான்று எனக்குத் தெரியவில்லை. இன்பத்தைக் கூட்டுவதற்காக மட்டுமல்ல, துன்பத்தை நீக்குவதற்காகவும் அந்த நெம்புகோல் அழுத்தப்படுகிறது.

நரம்பியல்_மாணவி சொன்ன அதே போர்தோ குழு 2013இல் ஹெராயினைக் கொண்டு தம் சோதனையைத் திரும்பச் செய்தது. நீண்ட நேர அணுகலுக்குப் பிறகு ஏறக்குறைய பாதி எலிகள் இனிப்பைவிட ஹெராயினை விரும்பின. கொக்கைனில் 15 சதவீதத்தைத் தாண்டாத எண்ணிக்கை இங்கே பாதியை எட்டுகிறது. ஆட்படும் காலம் தேர்வை மாற்றுகிறதா என்று குறுமுனி கேட்டார் அல்லவா? எந்த மருந்து என்று சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல இயலாது.

கொக்கைனுக்கே திரும்பினால், எவ்வளவு என்பதைவிட எப்படி என்பது முக்கியம் என்ற கருத்து 2012இலிருந்து வலுப்பெற்றிருக்கிறது. டேவிட் ராபர்ட்ஸின் குழுவினர், 6 மணி நேரம் முழுதும் தருவதற்குப் பதிலாக, அந்த நேரத்துக்குள் 5 நிமிடம் தந்து 25 நிமிடம் நிறுத்தி, மறுபடி 5 நிமிடம் தரும் முறையைக் கையாண்டார்கள். மூளையில் கொக்கைனின் அளவு உயர்வதும் தாழ்வதுமாக அலையலையாக இருக்கும். மொத்தத்தில் இந்த எலிகள் ஏற்றிக்கொண்டது குறைவு. ஆனால் அதற்காக அவை செலவிடத் துணிந்த உழைப்பு, முழு நேரமும் பெற்றவற்றைவிட அதிகம். மொத்த மில்லிகிராமை மட்டும் கூட்டிப் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. மனிதர்களும் மருந்தை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்வதில்லை, விட்டுவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதால், எனக்கு இந்த முறையின் மேல் மதிப்பு அதிகம்.

ஒரே அளவு ஆட்பட்டும் ஒரே மாதிரி ஆகாத எலிகளைப் பற்றிய சான்று ஒன்றையும் சேர்க்கிறேன். 2004இல் வெரோனிக் டெரோஷ்-கமோனே, டேவிட் பெலன், பியர் வின்சென்சோ பியாட்சா ஆகியோர், சுமார் மூன்று மாதம் கொக்கைன் ஏற்றிக்கொண்ட எலிகளை மூன்று அளவுகோல்களால் சோதித்தார்கள். மருந்து வராது என்று விளக்கு அறிவிக்கும் நேரத்திலும் அழுத்திக்கொண்டிருக்கிறதா, ஒவ்வொரு ஊசிக்கும் தேவைப்படும் அழுத்தங்கள் கூடிக்கொண்டே போனாலும் விடாமல் உழைக்கிறதா, பாதத்தில் மின்னதிர்ச்சி விழுந்தாலும் தொடர்கிறதா. மூன்றிலும் தேறியவை 17 சதவீதம் மட்டும். ஒன்றில்கூடத் தேறாதவை சுமார் 41 சதவீதம். இரு தரப்பும் ஏற்றிக்கொண்ட மொத்தக் கொக்கைன் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. சில வாரங்களில் இந்த வேறுபாடு தெரியவில்லை, மாதங்கள் கழிந்தபின்தான் பிரிந்து தெரிந்தது.

குறுமுனி எழுதியது:

மிக்க நன்றி. ஒரே எலி இனம், ஒரே கூண்டு, ஒரே மருந்து, ஏறத்தாழ ஒரே அளவு என்றால், அந்த 17 சதவீதத்தை மட்டும் தனியே பிரித்தது எது? ஆட்படுவதற்கு முன்பே அவற்றிடம் ஏதாவது இருந்ததா?

நரம்பியல்_மாணவி எழுதியது:

இருந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. கேம்பிரிட்ஜில் 2008இல், கொக்கைனைக் காட்டுவதற்கு முன்பே, விளக்கு எரியும்வரை காத்திருந்து மூக்கை நுழைக்க வேண்டிய ஒரு வேலையில் எலிகளை ஈடுபடுத்தி, பொறுமையில்லாமல் முந்திக்கொண்டு நுழைப்பவை எவை என்று குறித்து வைத்தார்கள். அந்த அவசரக்கார எலிகள்தான், பிறகு தண்டனை கிடைத்தாலும் கொக்கைனை விடாத நிலைக்குச் செல்லும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

மதுவில் இன்னும் கூர்மையான ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது. வைகைக்கரை அவர்களுக்கு இது பயன்படலாம். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் எரிக் ஒஜியே, மார்க்குஸ் ஹைலிக் ஆகியோர் 2018இல் வெளியிட்டது. மது குடிக்கப் பழக்கப்பட்ட எலிகளுக்கு இனிப்பு நீரை மாற்றாக வைத்தபோது, பெரும்பாலானவை இனிப்புக்கு மாறிவிட்டன. சுமார் 15 சதவீதம் மட்டும் மதுவையே பற்றிக்கொண்டன, மின்னதிர்ச்சி கொடுத்தும் விடவில்லை. அந்த எலிகளின் மூளையில், அச்சத்தோடும் உணர்ச்சியோடும் தொடர்புடைய அமிக்டலாவின் மையப்பகுதியில், காபா என்னும் வேதிப்பொருளைச் செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் குறைவாக இருந்தது. இனிப்பை விரும்பிய எலிகளிலும் அந்தப் புரதத்தைச் செயற்கையாகக் குறைத்தபோது, அவையும் மதுவின் பக்கம் சாய்ந்தன. மது அடிமைகளாக இருந்து இறந்த மனிதர்களின் மூளைத் திசுவிலும் அதே புரதம் அதே இடத்தில் குறைந்திருந்ததாக அவர்கள் கண்டார்கள்.

பால் வேறுபாட்டையும் விட்டுவிட முடியாது. இந்தச் சோதனைகள் நெடுங்காலம் ஆண் எலிகளைக் கொண்டே நடந்தன. பெண் எலிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உணவைவிடக் கொக்கைனைத் தேர்ந்தெடுப்பது பெண் எலிகளிடம் அதிகமாக இருந்ததைக் கலிஃபோர்னியாவில் 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஈஸ்ட்ரோஜன் அதில் பங்கு வகித்தது.

இவை எல்லாவற்றையும் ‘பிறவியிலேயே இருந்தது’ என்று மூட்டை கட்டிவிடாதீர்கள். மைக்கேல் நேடரின் குழுவினர் 2002இல் மக்காக் குரங்குகளில் செய்த ஆய்வைப் படித்தால் அது புரியும். தனித்தனியே வைக்கப்பட்டிருந்தபோது குரங்குகளின் மூளையில் டோபமைன் ‘டி2’ ஏற்பிகளின் (வெகுமதியோடு தொடர்புடைய டோபமைன் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் புரதங்களின்) அளவில் வேறுபாடு இல்லை. நான்கு நான்காகக் கூட்டி வைத்து மூன்று மாதம் ஆனபின், தலைமை இடத்தைப் பிடித்த குரங்குகளில் அந்த ஏற்பிகள் கூடியிருந்தன. அடங்கி நடந்தவற்றில் கூடவில்லை. அதன் பிறகு கொக்கைன் கொடுத்தபோது அடங்கி நடந்தவை அதை நாடின, தலைமைக் குரங்குகளோ அதில் அக்கறை காட்டவில்லை. முன்பு இல்லாத ஒரு வேறுபாட்டைக் கூட்டத்தில் கிடைத்த இடம் உண்டாக்கியது.

தணிகை எழுதியது:

அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் குறுமுனி மேடையில் ‘தலைவனாக இருந்தால் போதை தொடாது’ என்று சொல்லிவிடும் ஆபத்து உண்டு. அதே குரங்குகளுக்குக் கொக்கைன் தொடர்ந்து நெடுநாள் கிடைத்தபோது, தலைமைக் குரங்குகளும் ஏற்றிக்கொள்ளத் தொடங்கின, ஏற்பிகளில் இருந்த வேறுபாடும் மங்கிப்போனது. 2004இல் அது வெளியானது. சூழல் கொடுத்த காப்பை, நீண்டகாலம் ஆட்பட்டது தேய்த்துவிட்டது. குறுமுனியின் முதல் கேள்விக்கு இந்த இழையில் வந்த பதில்களிலேயே இதுதான் நேரடியானது என்பது என் கருத்து.

வைகைக்கரை எழுதியது:

எங்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய கவலை, விட்டவர்கள் திரும்பி வருவதுதான். நல்லபடியாக வீட்டுக்கு அனுப்பிய ஒருவர், இரண்டு மாதம் கழித்து, பழைய நண்பரின் வண்டிச் சத்தத்தைக் கேட்டவுடன் கால் தானாக அந்தத் தெருவுக்குப் போய்விட்டது என்று சொன்னார். விலகியிருந்தால் ஆசை நாளுக்கு நாள் குறையும் என்றுதான் குடும்பத்தார் நம்புகிறார்கள்.

நரம்பியல்_மாணவி எழுதியது:

எலிகளில் அது நேர்மாறாகவே இருக்கிறது, அக்கா. 2001இல் ஜெஃப் கிரிம், யாவின் ஷஹாம் முதலியோர், கொக்கைன் நிறுத்தப்பட்ட எலிகளுக்கு வெவ்வேறு கால இடைவெளிக்குப் பின், மருந்தோடு தொடர்புடைய விளக்கையும் ஒலியையும் காட்டினார்கள். மருந்து வராவிட்டாலும், அந்த அடையாளங்களுக்காக எலிகள் நெம்புகோலை அழுத்துவது ஒரு நாளுக்குப் பிறகு இருந்ததைவிட இரண்டு மாதங்களுக்குப் பிறகு பல மடங்கு அதிகம். ஏக்கம் அடைகாக்கப்படுவதுபோல் வளர்கிறது.

ஷஹாமின் ஆய்வகத்தில் மார்க்கோ வென்னிரோ 2018இல் செய்தது அதற்கு நேர் எதிர்ப்பக்கம். மெத்தம்பெட்டமைன் என்னும் கிளர்ச்சியூட்டும் போதைப்பொருளுக்கோ ஹெராயினுக்கோ பழகிய எலிகளுக்கு ஒரு பக்கம் மருந்து நெம்புகோல். இன்னொரு பக்கத்து நெம்புகோலை அழுத்தினால், நடுவிலிருக்கும் கதவு திறந்து இன்னொரு எலியோடு ஒரு நிமிடம் பழகலாம். மற்ற அளவுகோல்களில் ‘அடிமை’ என்று தேறிய எலிகள்கூடத் துணையையே பெருமளவில் தேர்ந்தெடுத்தன. நாள்தோறும் துணையைத் தேர்ந்தெடுத்து, அதனால் மருந்திலிருந்து விலகியிருந்த எலிகளிடம் அந்த ஏக்க வளர்ச்சி தென்படவில்லை. வெறுமனே மருந்தை நிறுத்தி வைத்த எலிகளிடம் தென்பட்டது.

கறார்க்காரன் எழுதியது:

ஆனால் அதே ஆய்வில், துணை வருவதைத் தாமதப்படுத்தினாலோ, துணைக்காக அழுத்தும்போது மின்னதிர்ச்சி கொடுத்தாலோ, எலிகள் மருந்துக்குத் திரும்பின என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணையின் மதிப்பு எந்த விலை கொடுத்தும் மாறாத ஒன்று அன்று. மேடைக்குப் போகும் ஒருவருக்கு அந்தப் பகுதிதான் முக்கியம் என்பேன். மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பியவருக்கு உறவுகள் உடனே கிடைக்கின்றனவா, அல்லது வசவோடும் சந்தேகத்தோடும் கிடைக்கின்றனவா என்பதை எலிக்கூண்டு நமக்காக அளந்து வைத்திருக்கிறது.

மனிதர்களில் இந்தத் தேர்வு முறையைப் பயன்படுத்தியவர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ். வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில், சிறுநீர்ச் சோதனையில் கொக்கைன் இல்லை என்று வந்தவுடன் பொருள் வாங்கும் சீட்டுத் தந்தார். நோயாளிகள் தொடர்ந்து விலகியிருப்பது வழக்கமான ஆலோசனையைவிட அதிகரித்தது. சீட்டு உடனுக்குடன் தரப்பட்டது, தொடர்ந்து விலகியிருந்தால் அதன் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. தாமதம் கெடுக்கும் என்பதை அவர்கள் முதலிலேயே புரிந்துவைத்திருந்தார்கள்.

குறுமுனி எழுதியது:

ஒரே ஒரு கேள்வி மிச்சம். இதுவரை சொன்னவற்றில் சூழல், பெரும்பாலும் மருந்துக்கு முன்போ மருந்தோடு கூடவோ இருந்தது. ஏற்கெனவே ஆட்பட்டுவிட்ட விலங்கைப் பிறகு நல்ல சூழலுக்குக் கொண்டுவந்தால் பழைய நிலைக்குத் திரும்புமா?

தணிகை எழுதியது:

பிரான்சின் புவாத்தியே நகரில் மார்செல்லோ சொலினாஸ் இதைத்தான் கேட்டார். 2008இல் வந்த ஆய்வு அது. சுண்டெலிகளுக்கு முதலில் கொக்கைன் கொடுத்து, பிறகு மருந்தில்லாக் காலத்தில் ஒரு மாதம் சக்கரம், வீடு, சுரங்கம், துணை எல்லாம் உள்ள பெரிய கூண்டில் வைத்தார்கள். அடிமைத்தனத்தின் அடையாளங்களாக அவர்கள் அளந்த பல நடத்தைகள் அந்தச் சுண்டெலிகளிடம் மறைந்தன. மருந்தை நினைவூட்டும் இடத்துக்கு ஓடுவது, சிறு அளவு கொடுத்தவுடன் துள்ளுவது போன்றவை சாதாரணக் கூண்டில் வைக்கப்பட்டவற்றிடம் அப்படியே இருந்தன. மருந்துக்குப் பிறகு வந்த சூழலும் வேலை செய்கிறது.

ஆனால் அதே குழுவினர் 2012இல் அடுத்த கேள்வியையும் கேட்டார்கள். வளமான கூண்டில் வளர்ந்த சுண்டெலிகளை அங்கிருந்து எடுத்துச் சாதாரணக் கூண்டுக்கு மாற்றியபின் கொக்கைன் கொடுத்தார்கள். காப்பு எஞ்சியிருக்கும் என்று எதிர்பார்த்திருப்போம். எஞ்சவில்லை என்பதோடு, அந்த இழப்பே அவற்றைக் கொக்கைனுக்கு இன்னும் எளிதில் அடிமையாகக்கூடியவையாக ஆக்கியது.